சோழவரத்து ஓடுபாதையும் கையால் கட்டிய கார்களும்

சென்னையிலிருந்து வடக்கே கல்கத்தாவை நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் செங்குன்றத்தைக் கடந்து சற்றுத் தொலைவு போனால் சோழவரம் வருகிறது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் செல்வோரை ஏற்றிக்கொண்டு நாள்தோறும் எத்தனையோ பேருந்துகள் அவ்வூரைத் தாண்டிப் போகின்றன. சோழவரம் என்றதும் நமக்கு ஏரி நினைவுக்கு வரும். சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளில் அதுவும் ஒன்று. ஆயின் எழுபது வயதைக் கடந்த சென்னைவாசி ஒருவரிடம் அவ்வூரின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். அவர் ஏரியைப் பற்றிப் பேசமாட்டார். இரண்டாம் உலகப் போரின்போது விமானங்களுக்காகப் போடப்பட்ட ஓடுபாதையைப் பற்றியும், பிற்காலத்தில் அதன்மேல் சீறிப் பாய்ந்த பந்தயக் கார்களைப் பற்றியும் பேசுவார். அக்கார்களுள் பல, கடையில் வாங்கியவை அல்ல. பட்டறையில் கையால் கட்டியவை. அவை ஏன் பிறந்தன, எப்படிப் பிறந்தன என்பதையே இன்று சொல்ல விரும்புகிறேன். அவ்வரலாற்றைச் சோழவரத்தில் தொடங்க முடியாது. இங்கிலாந்தில், கையில் காசு குறைவாகவும் வேகத்தில் ஆசை மிகுதியாகவும் இருந்த இளைஞர்களிடமிருந்து தொடங்க வேண்டும்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் பெருஞ்செல்வரின் விளையாட்டுப் பொருள் என்று நாம் எண்ணிவிடுகிறோம். இத்தாலியக் கார்களைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மை. ஆங்கிலேயரின் மரபு வேறு. அவர்கள் சாதாரணக் குடும்பக் காரின் இயந்திரத்தை எடுத்து, இலேசான உடலில் பொருத்தி, இரண்டு இருக்கைகள் மட்டும் வைத்து, கூரைக்குப் பதில் ஒரு துணியை மாட்டி, குறைந்த விலைக்கு விற்றார்கள். 1945 முதல் 1949 வரை செய்யப்பட்ட எம்.ஜி. டி.சி. என்னும் கார் அவ்வகையில் புகழ் பெற்றது. ஏறத்தாழ பதினாயிரம் வண்டிகளே வெளிவந்தன. அதன் உடலுக்குள்ளே இருந்த எலும்புக்கூடு இரும்பன்று. ஆஷ் என்னும் மரம். மால்வர்ன் நகரத்து மார்கன் கம்பெனியார் இன்றும் தங்கள் கார்களின் உடலுக்கு அம்மரச் சட்டத்தையே கையால் இழைத்துச் செய்கிறார்கள். தச்சனும் கருமானும் சேர்ந்து செய்யும் கார் என்று அதைச் சொல்லலாம்.

இவ்வளவு எளிய கார்கூட எட்டாத விலையாக இருந்தவர்களுக்கு இன்னொரு வழி திறந்தது. அந்நாட்டில் முழுதாகச் செய்த காரின்மேல் கொள்முதல் வரி என ஒரு வரி உண்டு. அது கடுமையானது. ஆயின் காரைப் பாகங்களாக வாங்கி வீட்டில் தானே பூட்டிக்கொள்பவனுக்கு அவ்வரி இல்லை. காலின் சாப்மன் என்னும் இளம் பொறியாளர் 1948-இல் பழைய ஆஸ்டின் செவன் ஒன்றைத் தன் பந்தய வண்டியாக மாற்றிக் கட்டியவர். அவரே பின்னர் லோட்டஸ் கம்பெனியை நிறுவினார். 1957-இல் அவர் வெளியிட்ட லோட்டஸ் செவன் என்ற கார் வரியோடு சேர்த்து 1,036 பவுன். பாகங்களாக வாங்கினால் 536 பவுன். ஏறக்குறைய பாதி விலை! எப்படிப் பூட்டுவது என்ற விளக்கத்தைப் பாகங்களுடன் கொடுத்தால் வரிச்சலுகை போய்விடும் என்பது விதி. சாப்மன் என்ன செய்தார் தெரியுமா? காரை எப்படிப் பிரிப்பது என்று எழுதிக் கொடுத்தார் என்றும், வாங்கியவர்கள் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதற்பக்கம் வரை படித்துப் பூட்டிக்கொண்டார்கள் என்றும் சொல்வார்கள். 1973-இல் கொள்முதல் வரி ஒழிந்து வேறு வரி வரும்வரை இந்த விந்தை நீடித்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். விடுதலைக்கு முன்னரும் அதை அடுத்த ஓரிரு ஆண்டுகளிலும் எம்.ஜி. போன்ற கார்கள் சில இங்கே வந்து இறங்கின. தோட்டத்துரைகளும் இராணுவ அதிகாரிகளும் சமஸ்தான இளவரசர்களும் அவற்றை வைத்திருந்தார்கள். 1949-இல் முழுதாகச் செய்த கார்களை இறக்குமதி செய்வதை அரசாங்கம் தடுத்தது. அந்நியச் செலாவணி அரிதாயிருந்த புதிய நாட்டில் இது வியப்பன்று. 1953-இல் காப்பு வரிக் குழுவினர் இன்னும் ஒரு படி மேலே சென்றார்கள். வெளியிலிருந்து வரும் பாகங்களைப் பூட்டி விற்பதோடு நின்றுவிடும் கம்பெனிகளுக்கு இங்கே இடமில்லை, உள்நாட்டிலேயே செய்யும் திட்டம் உடையவை மட்டும் நிலைக்கலாம் என்றார்கள். ஜெனரல் மோட்டார்ஸும் போர்டும் கடையைக் கட்டின. பின்னர் இந்தியன் ஒருவன் கார் வாங்க வேண்டுமானால் அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்டு என்ற மூன்றுக்குள் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டியதாயிற்று. மூன்றும் குடும்பக் கார்கள். ஸ்போர்ட்ஸ் காருக்கு உரிமம் கேட்டு எவரேனும் தில்லிக்குப் போயிருந்தால், பஞ்சக் காலத்தில் பாதாம் அல்வாக் கேட்டவனைப் பார்ப்பது போலத்தான் பார்த்திருப்பார்கள்.

இங்கேதான் நம் கதையின் புதுமை இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் கார் செய்வதற்கு வேண்டிய முக்கியமான பொருள்கள் எல்லாம் அப்போது சென்னையிலேயே இருந்தன!

1948-இல் சென்னையின் யூனியன் கம்பெனியாரும் இங்கிலாந்தில் காவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு கம்பெனியாரும் கூடி ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். வண்டலூருக்கு அருகே தொழிற்சாலை எழுந்தது. அங்கே முதலில் பூட்டப்பட்ட கார் வான்கார்டு. அது 2,088 சி.சி. இயந்திரம் கொண்ட, சற்றுக் கனத்த, அழகென்று சொல்ல முடியாத குடும்பக் கார். அந்த இயந்திரத்தின் குலத்தைப் பாருங்கள். அதே குடும்பத்து இயந்திரம் இங்கிலாந்தில் பெர்குசன் டிராக்டரை ஓட்டியது. 1950 முதல் கையால் செய்யும் மார்கன் காரிலும் அது ஏறியது. 1953-இல் டிரையம்ப் டி.ஆர். 2 என்ற ஸ்போர்ட்ஸ் காருக்கென அதைச் சற்றுச் சிறிதாக்கி 1,991 சி.சி. ஆக்கினார்கள். வயலை உழுததும் மார்கனைப் பறக்கவிட்டதும் ஒரே குடும்பத்து எஞ்சின். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் வண்டலூரில் கனத்த வான்கார்டுக்குள் உட்கார்ந்திருந்தது.

அடுத்து வந்தது ஹெரால்டு. 1961-இல் சென்னையில் வெளிவந்த இக்கார் நம் தலைப்புக்கு இன்னும் நெருக்கமானது. அதன் பிறப்பிலேயே ஒரு விபத்து இருக்கிறது, நல்ல விபத்து. 1950-களில் உலகத்துக் கார்கள் ஒவ்வொன்றாகத் தனி அடிச்சட்டத்தை விட்டுவிட்டு, உடலே சட்டமாகவும் இருக்கும் ஒற்றைக்கூடு முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்டு கம்பெனியும் மாறியிருக்கும். ஆனால் அதற்கு உடற்கூடு செய்து கொடுத்துவந்த பிஷர் அண்ட் லட்லோ என்ற தொழிற்சாலையை அதன் போட்டியாளரான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் 1953-இல் வாங்கிக்கொண்டது. புதிய காருக்குக் கூடு செய்து தரமாட்டோம் என்று கையை விரித்துவிட்டார்கள். எனவே ஸ்டாண்டர்டு பொறியாளர்கள் பழைய வழிக்கே திரும்பினார்கள். உறுதியான அடிச்சட்டம் ஒன்றைச் செய்து, உடலைச் சிறுசிறு பகுதிகளாக வெவ்வேறு பட்டறைகளில் செய்வித்து, மரையாணிகளால் அதன்மேல் பூட்டினார்கள். வடிவம் தந்தவர் ஜியோவானி மிக்கெலாட்டி என்னும் இத்தாலியர். இங்கிலாந்தில் அது 1959-இல் அறிமுகமாயிற்று.

மெக்கானிக்குகள் சேஸிஸ் என்று சொல்லும் அந்த அடிச்சட்டம் தனியாக இருந்ததன் விளைவை நன்றாக மனத்தில் கொள்ள வேண்டும். ஒற்றைக்கூடு காரின் உடலை வெட்டி எறிந்தால் கார் தொய்ந்து போகும். அதற்கு வேறு எலும்பு இல்லை. ஹெரால்டின் உடலை முழுவதும் கழற்றி எடுத்தாலும் அடிச்சட்டமும் இயந்திரமும் நான்கு சக்கரங்களும் நின்றபடி நிற்கும்; ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து அதை ஓட்டிக்கொண்டும் போகலாம். அதன்மேல் எவ்வுடலையும் ஏற்றலாம். இங்கிலாந்தில் டிரையம்ப் கம்பெனியே அதைத்தான் செய்தது. ஹெரால்டின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலுள்ள தூரம் தொண்ணூற்றொன்றரை அங்குலம். அதை எண்பத்து மூன்றாகக் குறுக்கி, இரண்டு இருக்கை உடலைப் பொருத்தி, 1962-இல் ஸ்பிட்பயர் என்ற பெயரில் வெளியிட்டார்கள். 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்பிட்பயர்கள் விற்றன. ஆங்கில நாட்டுப் பள்ளி ஆசிரியரும் வங்கிக் குமாஸ்தாவும் வாங்கிய மலிவான ஸ்போர்ட்ஸ் கார் அது. அதன் தாய்வீட்டுச் சட்டம் சென்னைத் தெருக்களில் குடும்பங்களைக் கோயிலுக்கும் கலியாணத்துக்கும் சுமந்துகொண்டிருந்தது.

இத்தனை இருந்தும் வண்டலூரிலிருந்து ஒரு ஸ்போர்ட்ஸ் காரும் விற்பனைக்கு வரவில்லை. அதற்குக் கம்பெனியைக் குறை சொல்வது நியாயமாகாது. 1951-ஆம் ஆண்டுத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் எதைச் செய்வது, எவ்வளவு செய்வது என்பதற்கெல்லாம் அனுமதி வேண்டும். ஆண்டுதோறும் இறக்குமதிப் பாகங்களைக் குறைத்துக்கொண்டு உள்நாட்டுப் பாகங்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். புதிய அச்சு ஒன்று செய்யப் பெரும்பொருள் வேண்டும். இரண்டு பேர் மட்டும் உட்காரும் காரை அந்நாளில் எத்தனை பேர் வாங்கியிருப்பார்கள்? இங்கிலாந்தில் ஹெரால்டின் இயந்திரம் 948 சி.சி.-யிலிருந்து 1,147-ஆக வளர்ந்தது. இங்கோ கடைசிவரை 948-தான். திறனும் ஏறத்தாழ 35 குதிரைத்திறன். ஸ்பிட்பயருக்கு 63. சென்னைக் கம்பெனியார் தங்கள் அறிவை வேறு பக்கம் செலவிட்டார்கள். இந்தியக் குடும்பம் பெரியது என்பதை உணர்ந்து, இங்கிலாந்து ஹெரால்டில் இல்லாத நான்கு கதவு உடலைத் தாங்களே செய்தார்கள். அதையும் ஒரு சாதனையாகவே நான் மதிக்கிறேன்.

கம்பெனி செய்யாததைப் பட்டறை செய்தது.

என் கல்லூரி நாட்களில், 1960-களின் பிற்பகுதியில், இராயப்பேட்டைப் பக்கம் இத்தகைய பட்டறை ஒன்றுக்கு நான் அடிக்கடி போவதுண்டு. கீற்றுக் கொட்டகை, ஒரு லேத் இயந்திரம், காஸ் வெல்டிங் சிலிண்டர், சுவரில் வரிசையாக ஸ்பானர்கள். நடுவிலே மோதி நசுங்கிய ஹெரால்டு ஒன்று உடல் கழற்றப்பட்டு நின்றது. அதை எட்டரை அங்குலம் குறுக்கப் போவதாக மேஸ்திரி சொன்னார். "எவ்வளவு நாளாகும், அண்ணே?" என்று கேட்டேன். "வெட்டுறது அரை நாள் வேலை, தம்பி. வெட்டினதை நேரா ஒட்டுறதுதான் ஒரு மாச வேலை" என்றார். அவர் சொன்னதன் பொருளைப் பின்னர்தான் முழுதாக உணர்ந்தேன். சட்டத்தின் ஒரு பக்கம் கால் அங்குலம் கோணினால் போதும். கார் நேரே ஓடாமல் நண்டுபோல ஒருக்களித்து ஓடும். சட்டத்தைக் குறுக்கினால் இயந்திரத்திலிருந்து பின்னச்சுக்குப் போகும் நீண்ட தண்டையும் குறுக்க வேண்டும். குறுக்கியபின் அது சுழலும்போது அதிராதபடி எடை சமன் பார்க்க வேண்டும். பிரேக் எண்ணெய்க் குழாயைப் புதிதாக வளைக்க வேண்டும். கைப்பிரேக்குக் கம்பியின் நீளம் பொருந்தாது. எடையில் பெரும்பகுதி பின்சக்கரத்தின் பக்கம் விழும்படி ஓட்டுநர் இருக்கை பின்னுக்குப் போகும். அப்போது ஸ்டியரிங் தண்டை நீட்ட வேண்டும். இவற்றுக்கெல்லாம் வரைபடம் கிடையாது. இங்கிலாந்துப் பத்திரிகையின் பழைய பிரதி ஒன்று, தரையில் சாக்குக்கட்டியால் போட்ட கோடு, மேஸ்திரியின் கண். இம்மூன்றே துணை.

உடலுக்கு அலுமினியத் தகடு. முதலில் மரத்தால் ஒரு மாதிரிச் சட்டம் செய்வார்கள். தகட்டை மணல் மூட்டையின்மேல் வைத்து மரச்சுத்தியால் தட்டித் தட்டி வளைத்து, அச்சட்டத்தின்மேல் வைத்துப் பார்ப்பார்கள். பொருந்தாவிட்டால் மறுபடியும் தட்டுவார்கள். அண்டாவும் குடமும் தட்டும் கைக்கும் இந்த டிங்கர் வேலைக்காரரின் கைக்கும் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. பின்னர் கண்ணாடி நார்த் துணியும் பிசினும் எளிதாகக் கிடைக்கத் தொடங்கியதும் இத்தட்டு வேலை குறைந்துபோயிற்று. இயந்திரத்திலும் கைவைப்பார்கள். சிலிண்டர் தலைப்பகுதியின் அடிப்பரப்பைச் சீவி அழுத்தத்தைக் கூட்டுவது, ஒரு கார்புரேட்டருக்குப் பதில் இரண்டு வைப்பது, புகைபோகும் குழாயை வளைவு குறைத்து அமைப்பது என்பன வழக்கம். அதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எஞ்சினின் கிராங்குத் தண்டைத் தாங்குபவை மூன்றே பேரிங்குகள். மிஞ்சி ஓட்டினால் அவை தேய்ந்து எஞ்சினே உடையும்.

இப்படிப் பிறந்த வண்டிகளை எங்கே ஓட்டுவது? பொதுச் சாலையில் ஓட்டிப் பார்ப்பது பிறர் உயிரோடு விளையாடுவதாகும். இதற்குச் சோழவரம் விடை தந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தோன்றியது. போர் முடிந்தபின் வேலையற்றுக் கிடந்த ஓடுபாதையில் அவர்கள் பந்தயங்கள் நடத்தலானார்கள். இங்கிலாந்திலும் இதே கதைதான். 1948-இல் கார்ப் பந்தயம் தொடங்கிய சில்வர்ஸ்டோன் முன்பு குண்டுவீச்சு விமானங்களின் தளமாயிருந்தது. குட்வுட் பந்தயப் பாதை ஒரு போர்விமானத் தளத்தின் சுற்றுவழி. இலங்கையில் களுத்துறைக்கு அருகே கட்டுகுருந்தை விமான ஓடுபாதையிலும் அவ்வாறே பந்தயம் நடந்தது. அங்கிருந்து ஓட்டுநர்கள் கடல் கடந்து சோழவரத்துக்கும் வந்தார்கள். போருக்காகக் கொட்டிய காங்கிரீட்டை விளையாட்டு எடுத்துக்கொண்டது.

பந்தய நாளில் சென்னையே வடக்கு நோக்கி நகர்வது போலிருக்கும். நான் நண்பர்களுடன் செங்குன்றம்வரை பேருந்தில் போய், அங்கிருந்து கூட்டத்தோடு நடந்தே போயிருக்கிறேன். பிப்ரவரி வெயிலானாலும் அந்த வெட்டவெளியில் மரநிழல் கிடையாது. கட்டுச்சோறும் கூஜாவில் தண்ணீருமாகக் குடும்பங்கள் வந்திருக்கும். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் எங்கிருந்தோ பெற்ற வெளிநாட்டுக் கார்களில் வருவார்கள். பெரிய பந்தயங்களை அவர்களே வெல்வார்கள். ஆயினும் 948 சி.சி. எஞ்சினும் கையால் தட்டிய உடலும் கொண்ட வண்டி திருப்பத்தில் ஒரு பெரிய காரை முந்திவிட்டால் எழும் ஆரவாரம் இருக்கிறதே, அதற்கு ஈடில்லை. அந்த வண்டி எந்தக் கொட்டகையிலிருந்து வந்தது என்பது கூட்டத்தில் பாதிப்பேருக்குத் தெரியும்.

அபாயமும் இருந்தது, அதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. இன்றைய பந்தயப் பாதைகளில் உள்ள பாதுகாப்பு அரண்கள் அன்று அங்கே இல்லை. மேலும் ஹெரால்டின் பின்னச்சிலேயே ஒரு குணம் உண்டு. அதன் பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியே, நடுவிலுள்ள ஒரு மூட்டிலிருந்து ஊசலாடும். குண்டும் குழியுமான சாலையில் இது சுகம். ஆனால் வேகமாகத் திரும்பும்போது ஓட்டுபவன் அஞ்சி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், காரின் பின்பகுதி மேலே எழும். சக்கரங்கள் உட்புறம் மடங்கும். டயரின் ஓரம் மட்டுமே தரையைத் தொடும். அடுத்த கணம் கார் பம்பரமாகச் சுழலும். அஞ்சியவனைத்தான் அது தண்டித்தது. திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, திருப்பத்துக்குள் காலை எடுக்காமல் ஓட்டக் கற்றவர்களே அதனுடன் வாழ முடிந்தது. 1972-இல் ஹெரால்டின் இடத்துக்கு வந்த கெசல் என்ற காரில் சென்னைக் கம்பெனியார் ஊசலாடும் அச்சை விட்டு, ஒரே கட்டையான அச்சை அமைத்தார்கள். கெசலும் 1977-இல் நின்றது.

அதன்பின் கைவேலையின் களம் சென்னையைத் தாண்டி விரிந்தது. பெங்களூரின் சிபானி கம்பெனியார் 1982-இல் டால்பின் என்ற காரை வெளியிட்டார்கள். இங்கிலாந்தின் ரிலையன்ட் கம்பெனியுடைய கிட்டன் என்ற காரின் வழி வந்தது அது. 848 சி.சி. அலுமினிய எஞ்சின், கண்ணாடி நாரால் ஆன உடல், இரண்டு கதவு. குடும்பங்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் எடை குறைவாதலால் பந்தயக்காரர்கள் அதை விரும்பினார்கள். கோயம்புத்தூரின் எஸ். கரிவரதன், மாருதி 800-இன் 796 சி.சி. எஞ்சினை வைத்துக் குறைந்த செலவில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டி, 1988-இல் பார்முலா மாருதி என்ற பந்தய வகையை உருவாக்கினார். 1995-இல் ஒரு விமான விபத்தில் அவர் இறந்தார். அவ்வகைக் காரில் ஓட்டப் பழகிய கோவை இளைஞரான நாராயண் கார்த்திகேயன் 2005-இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அதற்குள் சோழவரத்தின் காலம் முடிந்திருந்தது. கிளப்பினர் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தங்களுக்கென 3.7 கிலோமீட்டர் நீளப் பாதை அமைத்து 1990-இல் அங்கே குடிபெயர்ந்தார்கள். திருவள்ளூர் வட்டாரத்துக்கும் புதிய கார்த் தொழிற்சாலை வந்தது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அங்கே 1998-இல் ஜப்பானிய லான்சர் காரைச் செய்யத் தொடங்கியது. அலிபாகுக்கு அருகே சிங்காரா என்ற சிறு கம்பெனி, அம்பாசடரில் ஓடிய இசுசூ 1.8 லிட்டர் எஞ்சினை வைத்து, லோட்டஸ் செவனின் சாயலில் ஒரு காரைக் கையால் கட்டியது. சாப்மனின் யோசனை ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து அம்பாசடர் எஞ்சினோடு நம் கடற்கரைக்கு வந்தது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

இத்தகைய காரை வாங்குவதும் வைத்திருப்பதும் எப்படிப்பட்டது என்று மாணவர்கள் சிலர் என்னைக் கேட்டதுண்டு. நான் வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகள் சென்றபின் பழைய இரண்டு கதவு ஹெரால்டு ஒன்றை வாங்கினேன்; என் எட்டு மாதச் சம்பளம் அதற்குப் போயிற்று. வைத்திருப்பது எளிதாகவே இருந்தது. மூக்கும் மட்காப்பும் உட்பட முன்பகுதி முழுவதும் ஒரே மூடியாக முன்னோக்கிக் கவிழும். முன்சக்கரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம். இருபத்தைந்து அடி அகலமுள்ள வட்டத்துக்குள் அது திரும்பிவிடும். சந்துகளில் அதற்கு ஈடான கார் இல்லை. புதுப்பேட்டையில் பழைய பாகக் கடைகளைத் தேடி அலைந்தால் முன்பு பெரும்பாலானவை கிடைக்கும். கிடைக்காததை லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்கலாம். இங்கிலாந்தில் ஸ்பிட்பயருக்காக இன்றும் பாகங்கள் செய்கிறார்கள். ஒரே குலமாதலால் அவற்றுள் பல ஹெரால்டுக்கும் பொருந்தும். ஆனால் டிங்கர் வேலை தெரிந்த முதியவர்கள் ஒவ்வொருவராக மறைந்துவருகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கும்மிடிப்பூண்டியிலும் ஒரகடத்திலும் மாதச் சம்பள வேலை கிடைக்கும்போது, மணல் மூட்டையின்மேல் தகடு தட்ட யார் வருவார்?

சட்டமும் இதில் ஒரு முடிச்சைப் போட்டிருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென விதிகளை வெளியிட்டது. முதற்பதிவாகி ஐம்பது ஆண்டு கடந்த சொந்த உபயோகக் கார்களையும் இருசக்கர வண்டிகளையும் அவ்வகையில் பதிந்துகொள்ளலாம். கட்டணம் இருபதாயிரம் ரூபாய். பத்தாண்டுக்குப்பின் புதுப்பிக்க ஐயாயிரம். எண் பலகையில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். கண்காட்சிக்கும் பந்தய அணிவகுப்புக்கும் கொண்டுபோகலாம். அன்றாடச் சவாரிக்கு அன்று. கடைசி ஹெரால்டு 1971-இல் வந்ததாதலால் எல்லா ஹெரால்டுகளும் இன்று இவ்வயதைக் கடந்துவிட்டன. ஆனால் விதி இன்னொன்றும் சொல்கிறது. வண்டி அதன் மூல வடிவிலேயே இருக்க வேண்டும். அடிச்சட்டத்திலோ உடற்கூட்டிலோ எஞ்சினிலோ பெருமாற்றம் செய்யப்பட்டிருக்கக் கூடாது. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே கொட்டகையில் தூங்கிய கார் இதனால் காப்பாற்றப்படுகிறது. பட்டறையில் வெட்டி ஒட்டிச் சோழவரத்தில் ஓடிய கார், எதனால் வரலாறாயிற்றோ அதனாலேயே வெளியே நிறுத்தப்படுகிறது. விதி செய்தவர்களின் அச்சம் எனக்குப் புரிகிறது. போலிப் பழமையைத் தடுப்பது அவர்கள் நோக்கம். எனினும் பந்தயத்துக்காக மாற்றப்பட்ட பழைய வண்டிகளுக்கு, அம்மாற்றம் இன்ன ஆண்டில் நடந்ததென்று காட்ட முடிந்தால், ஒரு தனிப் பிரிவு இருக்கலாகாதா? ஓட விடாவிட்டாலும் பதிந்தாவது வைக்கலாம்.

அத்தகைய வண்டிகளுள் ஒன்றை நான் சில ஆண்டுகளுக்கு முன் பொன்னேரிப் பக்கம் ஒரு மாந்தோப்புக் கொட்டகையில் பார்த்தேன். அலுமினிய உடலில் சுத்தியின் அடிகள் இன்னும் தெரிந்தன. இருக்கை இரண்டுதான். கூரை இல்லை, இருந்ததற்கான அடையாளமும் இல்லை. சொந்தக்காரர் உள்ளே போய் அதன் பதிவுப் புத்தகத்தைத் தேடி எடுத்து வந்து காட்டினார். அதில் எழுதியிருந்தது: ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மூடிய உடல், நான்கு இருக்கை.